மூன்றாம் நம்பர் பிரஸ்ஸும் தலை தீபாவளியும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் விஜயதசமி அன்று யாரும் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்வதில்லை. முந்தின நாள் பூஜையில் இட்ட சந்தனம் மெஷின்களின் நெற்றியில் காய்ந்து வெடித்திருக்கும். பொரியும் சுண்டலும் மேஜை மேஜையாகச் சுற்றும். அந்த நேரத்தில் ஒரு முதலாளி வெற்றிலை பாக்குத் தட்டில் அட்வான்ஸ் கவரை வைத்து நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். தாட்சாயிணியும் அப்படித்தான் வாங்கிக்கொண்டாள்.

நீட்டியவர் சம்பந்தம். ஸ்கூட்டர், ஆட்டோக்களுக்கு அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ் அடித்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி அவருடையது. அங்கே மூன்று பிரஸ். அதில் மூன்றாவதுக்குத்தான் மூளைக் கோளாறு. ரப்பரை எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் அழுத்துவது, எப்போது கதவைத் திறப்பது என்றெல்லாம் முடிவு செய்யும் பிஎல்சி பெட்டிக்கு வயதாகிவிட்டது. அந்த மாடலைக் கம்பெனிக்காரனே கைகழுவிவிட்டான். வெயில் ஏறினால் பெட்டி மயங்கி நின்றுவிடும். அதற்கென்றே எதிரில் ஒரு டேபிள் ஃபேன், வீட்டில் காய்ச்சல்காரருக்கு வைப்பதுபோல.

"புது மூளை வெச்சுக் குடும்மா. வெல மட்டும் பாத்துப் போடு" என்றார் சம்பந்தம்.

தாட்சாயிணியும் முகமது ஆசிக்கும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, எஸ்டேட்டின் பின் தெருவில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, பழைய மெஷின்களுக்குப் புது கன்ட்ரோல் போட்டுத் தரும் தொழிலை ஆரம்பித்திருந்தார்கள். இதுவரை எல்லாமே யாருக்கோ கீழே எடுத்த சில்லறை வேலை. சொந்தப் பேரில் வந்த முதல் பெரிய ஆர்டர் இது. விட்டுவிடுவாளா? சந்தையில் இருப்பதிலேயே மலிவான பிஎல்சியைப் போட்டு, அதன் மேல் கொஞ்சம் லாபம் வைத்து, வாயால் ஒரு விலை சொன்னாள். சம்பந்தத்தின் புருவம் மேலே போய்க் கீழே வந்தது.

"அட, பரவால்லியே. எத்தினி நாள் மெஷின நிறுத்தணும்?"

"முழுசா நாலு நாள் சார்."

"அப்ப தீபாவளி லீவுல முடிச்சிரு. நாலு நாளும் ஷட்டர் மூடித்தான் கெடக்கும்."

"சரி சார்" என்றாள் தாட்சாயிணி.

பக்கத்தில் சுண்டல் மென்றுகொண்டிருந்த ஆசிக்குக்குப் புரை ஏறியது. தலையில் தட்டிக்கொண்டே அவளைப் பார்த்தான். சுண்டலில் மிளகாய் இருந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முகப்பேர் ஃபிளாட்டுக்கு அவள் வந்து சேர்ந்தபோது, குணசேகரன் ஹாலின் நடுவில் நின்று தன் மார்பைத் தானே இஞ்ச் டேப்பால் அளந்துகொண்டிருந்தான். ஆவணியில் கல்யாணம். புருஷன் என்கிற புதுமை அவன் முகத்தில் இன்னும் பளபளவென்று இருந்தது.

"வா, வா. இதைக் கொஞ்சம் பிடி. உங்க அம்மா போன் பண்ணாங்க. சட்டை அளவு வேணுமாம். ரெடிமேட் கூடாதாம், துணி எடுத்துத் தைக்கணுமாம். அப்பா பட்டாசு லிஸ்ட் கேட்டாரு. நான் வெட்கப்பட்டுக்கிட்டே, கொஞ்சம் பெரிசாத்தான் சொல்லிட்டேன்."

தாட்சாயிணி டேப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். தலை தீபாவளி. அவளுடைய, அவனுடைய, இருவருக்கும் ஒரே ஒருமுறை வருகிற தலை தீபாவளி. ஆசிக்குக்கு எதற்குப் புரை ஏறியது என்று இப்போது தெரிந்தது.

குணசேகரன் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தான். லால்குடிப் பக்கத்துக்காரன். மூன்று அக்காக்களுக்குப் பின்னால் பிறந்தவன். "மூணு அக்கா, மூணு தலை தீபாவளி. மூணு மாப்பிள்ளைக்கும் எண்ணெய்க் கிண்ணம் தூக்கினது நான். துண்டு எடுத்துக் குடுத்தது நான். இரண்டாவது மாமா பலகைல உக்காந்துக்கிட்டு, 'தம்பி, வெந்நீர் சூடு பத்தலை'ன்னாரு பாரு, அன்னைக்கே முடிவு பண்ணேன். எனக்கும் ஒரு நாள் வரும், நானும் சொல்லுவேன், வெந்நீர் சூடு பத்தலைன்னு."

"குணா."

"அதுவும் மொறைக்காம, சிரிச்சுக்கிட்டே சொல்லுவேன்."

"குணா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

சொன்னாள். அவன் சண்டை போடவில்லை. டேப்பை மெதுவாகச் சுருட்டினான்.

"நாலு நாளுமா?"

"நாலு நாளும்."

"அப்ப நான் மட்டும் போறேன். அவங்க ஆசையா ஏற்பாடு பண்றாங்க, பாவம்." சிரிக்கப் பார்த்தான். "பொண்ணு இல்லாம மாப்பிள்ளை மட்டும் தனியாப் போய் நிக்கிற தலை தீபாவளி ஊர்லயே முதல் தடவையா இருக்கும்."

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதுதான் அவளை என்னவோ செய்தது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தி ஓய்ந்திருப்பாள்.

கொஞ்ச நேரம் கழித்து, சமையலறை வாசலில் வந்து நின்று அவன் கேட்டான். "கோவிச்சுக்காதே, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். அந்த நாலு நாளுக்கு எவ்வளவு போட்டே?"

"போடலையே. அது எங்க வேலைதானே? வெளியாள் யாரையும் கூப்பிடலை."

"ஓ" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். தாட்சாயிணி அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரைக்கும் அந்த 'ஓ'வையே நினைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ஷெட்டில் ஆசிக் டீயைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

"நான் இருமினேன்ல?"

"இருமினா எனக்கு எப்படிடா தெரியும்? வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"தட்டைக் கைல வாங்கிட்டே. அதுக்கு மேல நான் இன்னா சொல்றது? விஜயதசமி அதுவுமா உங்க சாமி என்னைத்தான் கோச்சுக்கும்."

இருவரும் உட்கார்ந்து அந்த வேலையை முதலிலிருந்து பிரித்துப் பார்த்தார்கள். மலிவான பிஎல்சி வேறு கம்பெனியுடையது. பழைய பெட்டிக்குப் போகும் நூற்றுக்கணக்கான வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, நம்பர் போட்டு, நுனி சீவி, புதிய இடத்தில் முறுக்க வேண்டும். பழைய புரோகிராம் அதில் ஏறாது. முதல் வரியிலிருந்து புதிதாக எழுத வேண்டும். எழுதியதைச் சோதிக்க வேண்டும். ஒரு வயர் மாறினாலும் உட்கார்ந்து தேட வேண்டும்.

இன்னொரு வழியும் இருந்தது. பழைய பெட்டியைச் செய்த அதே கம்பெனியின் புது மாடல். விலை இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அதற்கென்று ஒரு மாற்றுச் சட்டகம் விற்கிறார்கள். பழைய பெட்டியில் வயர்கள் மாட்டியிருக்கும் பட்டையை, வயர்களோடு அப்படியே தூக்கிப் புதிய சட்டகத்தில் அமுக்கினால் போதும். ஒரு வயரையும் கழற்ற வேண்டாம். பழைய புரோகிராமையும் பெரும்பாலும் அதுவே மொழிபெயர்த்துக்கொள்ளும். ஒரே நாள் வேலை.

"விலையப் பாத்ததும் இதைத் தள்ளி வெச்சுட்டோம்" என்றாள் தாட்சாயிணி.

"தள்ளி வெச்சது நீ. நான் இருமினேன்."

"சரி, இப்ப இப்படிப் பாரு. நம்ம ரெண்டு பேருக்கும் உடம்பு சரியில்லை. இந்த வேலைய வெளியாள் ரெண்டு பேருக்குக் குடுக்குறோம். தீபாவளி நாள்ல வரணும். என்ன கேப்பாங்க?"

ஆசிக் யோசித்தான். தெரிந்த இரண்டு பேருக்குப் போன் போட்டான். முதலாமவன் தீபாவளி என்றதும் சிரித்துவிட்டு வைத்துவிட்டான். இரண்டாமவன் கேட்ட கூலியை ஆசிக் ஸ்பீக்கரில் போட்டு அவளைக் கேட்கவைத்தான். அதையும் சேர்த்துப் பார்த்தால் மலிவுப் பெட்டிதான் விலை உயர்ந்த பெட்டியாக இருந்தது.

"பெட்டில பேக் பண்ணி வர்ற பொருளுக்கு மட்டும் வெல போடுறோம் தாட்சா" என்றான் ஆசிக், டீ கிளாஸின் அடியைப் பார்த்துக்கொண்டே. "நம்ம கைய ஓசில குடுத்துர்றோம். எங்க வாப்பா மெக்கானிக் ஷாப்புலயும் இதே கதைதான். ஸ்பேருக்கு பில்லு, வேலைக்கு சலாம்."

தாட்சாயிணி எழுந்துவிட்டாள். "வா. சம்பந்தம் சாரைப் பாத்துட்டு வரலாம்."

"தட்டை வாங்கிட்டு வெல மாத்துறதா? மூஞ்சில அடிப்பாரு."

"புதுத் தட்டோட போவோம்."

வழியில் வெற்றிலை, பாக்கு, பழம் வாங்கிக்கொண்டு போனார்கள். சம்பந்தம் தட்டையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"இன்னாம்மா, வந்து பொண்ணு கேக்குற மாதிரி நிக்கிற?"

"சார், அன்னைக்கு நான் சொன்ன விலை தப்பு. மன்னிச்சுக்கோங்க. சரியான விலை சொல்ல வந்திருக்கேன்."

அவர் முகம் கறுத்தது. அவள் இரண்டு வழிகளையும் சொன்னாள். முதல் வழியில் பொருள் மலிவு, நாள் அதிகம். இரண்டாவதில் பொருள் விலை, ஒரே நாள். கடைசிக் கூட்டுத்தொகை இரண்டாவதில்தான் குறைவு.

"பொருளு வெல எனக்குப் புரியுது. கைல தொட்டுப் பாக்கலாம். மொத வழில இந்தக் கூலின்னு போட்டுக்கீறியே, அது இன்னாத்துக்கு? அன்னிக்கு அது இல்லியே. நீ நம்ம ஊட்டுப் பொண்ணு மாதிரி. அத்த அட்ச்சிட்டு மலிவுப் பொட்டியவே போடு."

ஊட்டுப் பொண்ணு என்றதும் வழக்கமாக அவள் குழைந்துவிடுவாள். அன்று குழையவில்லை.

"சார், நான் வர்ற நாலு நாளும் உங்க ஆளு யாரு வருவாங்க?"

"அய்யாசாமிதான். அவன் இல்லாம அந்தப் பிரஸ்ல சூடு செட் பண்ண முடியுமா?"

ஃபோர்மன் அய்யாசாமி அப்போதுதான் ஒரு கூடை புஷ்ஷைத் தூக்கிக்கொண்டு கடந்து போனார். தன் பெயரைக் கேட்டதும் கூடையை இறக்கினார்.

"எப்ப சார்?"

"தீபாவளி லீவுல. நாலு நாளும்."

அய்யாசாமி தலையைச் சொறிந்தார். "சார், என் பொண்ணு கல்யாணத்துக்கு நீங்கதான் வந்து மொய் எழுதினீங்க. ஆவணியில. மறந்துட்டீங்களா? மாப்ள வர்றாரு சார். தல தீபாவளி."

"உங்க வீட்லயுமா?" என்று தாட்சாயிணி கேட்டுவிட்டாள்.

"ஏன் மேடம், உங்களுக்குமா?"

இருவரும் ஒரே நேரத்தில் சம்பந்தத்தைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலையைக் கையில் எடுத்து, கிள்ளி, திரும்ப வைத்தார்.

"ரெட்டைச் சம்பளம் வேணா வாங்கிக்கோடா."

"வாங்கிக்குறேன் சார். மாப்ளைய என் பொஞ்சாதி தனியா சமாளிச்சுப்பா. ஆனா ஒண்ணு, சாவி உங்ககிட்டதான கீது? நாலு நாளும் விடியக்காலைல நீங்கதான் வந்து ஷட்டரத் தொறக்கணும். உங்க ஊட்டுலயும் கேட்டுக்கோங்க."

சம்பந்தத்தின் வீட்டில் கேட்பதென்றால் லேசான விஷயம் இல்லை என்பது எஸ்டேட்டுக்கே தெரியும். அவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டது முகத்தில் ஓடியது. ரெட்டைச் சம்பளம். நாலு நாள் சாப்பாடு. நாலு ஐந்தானால் மெஷின் சும்மா கிடக்கும் நஷ்டம். எல்லாவற்றுக்கும் மேல் வீட்டம்மா.

"சரி, அந்த வெல ஜாஸ்தி பொட்டியே வாங்கு" என்றார் கடைசியில். "ஆனா ஒரு கண்டிசன். தீபாவளிக்கு மொத நாள் சாயங்காலம் என் பிரஸ் புஷ் அடிக்கணும். அடிக்கலன்னா நீங்க எல்லாரும் இங்கியே கெடந்து முடிங்க. அதுக்குக் கூலி கெடையாது."

தாட்சாயிணி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. தான் கொண்டுவந்த தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் எஸ்டேட் வெறிச்சோடிக் கிடந்தது. பழைய மூளையைக் கழற்றும்போது ஆசிக் அதற்கு மரியாதையாக ஒரு சலாம் போட்டான். வயர்ப் பட்டைகள் சொன்னது சொன்னபடி வந்தன. அப்படியே தூக்கி, அப்படியே அமுக்கினார்கள். ஒவ்வொன்றும் 'டக்' என்று உட்காரும்போது தாட்சாயிணிக்குள் ஏதோ ஒன்றும் டக்கென்று உட்கார்ந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வயர் வேலை முடிந்துவிட்டது. அம்மாவுக்குப் போன் போட்டு, "சாயங்காலம் ரெண்டு பேரும் வந்துருவோம்" என்றாள்.

"வந்தாதான் நிஜம்" என்றாள் அம்மா அஞ்சலை, முத்தாபுதுப்பேட்டை வீட்டிலிருந்து. "மாப்ள வந்து குந்திகினு கேட்டைப் பாத்துகினு இருந்தாருன்னா, உன்ன இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. அதிரசம் வேற நல்லா வந்துகீது."

புது மூளைக்குக் கரண்ட் கொடுக்கும் முன் அய்யாசாமி ஒரு நிமிடம் கேட்டார். கிண்ணத்தில் சந்தனம் குழைத்து, பேனலுக்குப் பொட்டு, புதுப் பெட்டிக்குப் பொட்டு, பிரஸ்ஸுக்கு நாலு பக்கமும் பொட்டு, கற்பூரம். பிறகு சுவிட்சைப் போட்டார்கள். பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார்கள்.

பிரஸ் அசையவில்லை.

மறுபடி அழுத்தினார்கள். எங்கேயோ ஒரு 'சரி' கிடைக்காமல் அது காத்துக்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்பில் ஏதோ விட்டுப்போயிருக்க வேண்டும் என்று தாட்சாயிணி லேப்டாப்பைத் திறந்தாள். ஆசிக் பழைய வரைபடத்தை விரித்தான். வரி வரியாகப் பார்த்தார்கள். வெயில் ஷட்டரைத் தாண்டி இறங்கியது. வெளியே யாரோ ஒருவன் அவசரப்பட்டு முதல் வெடியை வைத்தான். சம்பந்தம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு வாழைப்பழத்தை மிக மெதுவாக உரித்தார்.

"மலிவுப் பொட்டியா இருந்தாலும் இப்ப இப்டித்தான தேடிகினு இருப்போம்?" என்றார்.

அவள் லேப்டாப்பில் அடுத்த வரிக்குப் போனாள். நாளைக் காலையில் அம்மா வீட்டுப் பலகையில் ஒருவன் தனியாக உட்கார்ந்திருப்பது கண்முன்னே வந்தது. வெந்நீர் சூடு பத்தவில்லை என்று அவன் சொல்லவே மாட்டான். சரியாக இருக்கு அத்தை என்பான்.

வாசலில் பைக் நின்றது. குணசேகரன். இரண்டு பையும் ஒரு ஸ்வீட் பாக்ஸுமாக வந்தான். உள்ளே இருந்த முகங்களைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. லேப்டாப் பக்கத்தில் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை மட்டும் வைத்தான்.

"நீ கெளம்பு குணா. நான்..."

"சேர்ந்தே போலாம். இல்லன்னா சேர்ந்தே இங்க இருக்கலாம். அய்யாசாமி அண்ணன் எண்ணெய் வெச்சு விடுவாரு."

"வாங்க மாப்ள, வாங்க" என்று அய்யாசாமி மலர்ந்தார். வேலை ஓடாவிட்டால் என்ன, மாப்பிள்ளை மாப்பிள்ளைதான். சந்தனக் கிண்ணத்தை எடுத்து, கட்டை விரலை முக்கி, குணசேகரனின் நெற்றியில் ஒன்று வைத்தார். கை தாராளம். சந்தனம் புருவத்தைத் தாண்டி வழிந்து இமையில் இறங்கியது.

"ஐயோ, கண்ணு" என்று குணசேகரன் ஒரு கண்ணை மூடிக்கொண்டான்.

தாட்சாயிணி அவனைப் பார்த்தாள். மூடிய அந்தக் கண்ணைப் பார்த்தாள். மெல்ல எழுந்து பிரஸ்ஸின் பக்கவாட்டுக்குப் போனாள். உள்ளே யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல, கதவோரம் விரல்நகம் அளவு கண்ணாடிக் கண் ஒன்று உண்டு. அது தெளிவாகப் பார்த்து, 'கை இல்லை' என்று சொன்னால்தான் பிரஸ் மூடும். அந்தக் கண்ணின் மேல் கச்சிதமாக, வட்டமாக, நடுவில் குங்குமத்தோடு ஒரு பொட்டு.

"அண்ணே" என்றாள்.

அய்யாசாமி எட்டிப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். "நாலு பக்கமும் வெச்சேன் மேடம். அதுவும் ஒரு பக்கம்னு நெனச்சிட்டேன்."

ஆசிக் வரைபடத்தை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். தாட்சாயிணி துப்பட்டா நுனியால் கண்ணாடியைத் துடைத்தாள். பட்டனை அழுத்தினாள். பிரஸ் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கி, அழுத்தி, பொறுத்திருந்து, திறந்தது. உள்ளே சூடாக, கருப்பாக, பளபளவென்று புஷ்கள்.

சம்பந்தம் ஒன்றை எடுத்து, சூடு தாங்காமல் கைக்குக் கை மாற்றிக்கொண்டே உருட்டிப் பார்த்தார். "மணி இன்னா?"

"சாயங்காலம்தான் சார்" என்றான் ஆசிக். "வெளிச்சம் கீது பாருங்க."

"கெளம்புங்க, கெளம்புங்க. எல்லாரும் கெளம்புங்க. எனக்கும் ஊடு கீது."

மறுநாள் விடியலில், முத்தாபுதுப்பேட்டை வீட்டின் பின்கட்டில், குணசேகரன் பலகையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். தாட்சாயிணியின் அப்பா வேம்புலி முதல் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை எப்போது தயாராவார் என்று நடந்துகொண்டிருந்தார். அஞ்சலை எண்ணெயை உச்சந்தலையில் வைத்தாள். மனசு நிறைகிற அளவுக்கு வைத்தாள். அது மாப்பிள்ளையின் காது வழியாகவும் இறங்கியது. எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றது தாட்சாயிணி.

அவன் வெந்நீரில் விரலை விட்டுப் பார்த்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான். வருஷக்கணக்காக மனப்பாடம் செய்த வசனம்.

"வெந்நீர் சூடு..."

"இன்னா மாப்ள, பத்தலியா? இதோ ஒரு நிமிசம்" என்று அஞ்சலை பதறி உள்ளே ஓடினாள்.

"சொல்லி முடிக்கவே விடலை" என்றான் அவன் வருத்தமாக.

அப்போது தாட்சாயிணியின் போன் அடித்தது. சம்பந்தம். பின்கட்டே உறைந்து நின்றது.

"ஹேப்பி தீபாவளிம்மா. பிரஸ்ஸு நல்லாக்கீது. ஊட்ல சொன்னேன், அவங்களுக்கும் சந்தோசம். ரெண்டாம் நம்பருக்கும் அதே மாரி போட்டுரலாமா? பொங்க லீவுல?"

குணசேகரன் எண்ணெய் வழியும் கண்ணைத் திறக்க முடியாமல், இரண்டு கையையும் ஆட்டி, உதட்டசைவில் 'தலைப் பொங்கல், தலைப் பொங்கல்' என்றான்.

"போடலாம் சார்" என்றாள் தாட்சாயிணி. "ஆனா பொங்கலுக்குள்ள வர்ற ஞாயித்துக்கிழமை எதுலயாவது வெச்சுக்கலாம். பொங்கல் நாள்னா எங்க கூலி ரொம்ப ஜாஸ்தி. உங்களுக்குக் கட்டாது."

"எவ்ளோ ஜாஸ்தி?"

அவள் புருஷனின் எண்ணெய் மினுக்கும் தலையைப் பார்த்தாள். "அதுக்கு இன்னும் வெல போடலை சார். நீங்க ஞாயித்துக்கிழமைக்கே வந்துருங்க."

போனை வைத்துவிட்டு, கிண்ணத்தில் மிச்சமிருந்ததை அவன் தலையில் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து அஞ்சலை, கொதிக்கக் கொதிக்க வெந்நீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.